எண் போடாத கல்

கல் வெட்டுவது என் தொழில். இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் உடனே குவாரியை நினைத்துக்கொள்வார்கள். ஈப்போவைச் சுற்றி இருக்கும் மலைகளையெல்லாம் பாதி தின்றுவிட்ட குவாரிகள் இருக்கும்போது அப்படி நினைப்பதில் தப்பில்லை. என் வேலை வேறு. ஆய்வுக்கூடம் ஒன்றின் பின்னறையில், தண்ணீர் ஒழுகிக்கொண்டே சுற்றும் வட்ட ரம்பத்தில் கல்லை வைத்து ரொட்டி போலத் துண்டு போட வேண்டும். அந்தத் துண்டைக் கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் உள்ளே புகும்வரை தேய்க்க வேண்டும். பிறகு படித்தவர்கள் அதை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்து, இந்தக் கல் எந்த ஊரில் பிறந்தது என்று சொல்வார்கள். அந்தப் படிப்பு எனக்குக் கிடையாது. தோட்டத்துப் பள்ளியில் ஆறு வருஷம் படித்தேன், அவ்வளவுதான். ஆனால் கை சுத்தம். என்னைப் போல மெல்லிசாகத் தேய்க்க அங்கே ஒருவர்தான் இருந்தார்.

அவர் காம்பாரிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் சீனர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஈயச் சுரங்கத்தில் முதுகு ஒடிந்துபோய் இந்த வேலைக்கு வந்தவர். நான் அவரைத் தவ்கே என்று கூப்பிடுவேன், கேலிக்குத்தான். முதலாளி என்று சொல்ல அவரிடம் ஒரு சைக்கிள்கூட இல்லை. அவர் என்னைத் தம்பி என்பார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை அது. மற்றதெல்லாம் நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வாழைப்பழமோ ஆரஞ்சோ கொண்டுவந்து என் மேசைப் பக்கம் வைப்பார். நான் கேட்காமலே எடுத்துத் தின்பேன். அதற்கு ஒருநாளும் நன்றி சொன்னதில்லை.

எங்கள் அறையில் ஒரு சட்டம் உண்டு. சோதனைக்கு வருகிற ஒவ்வொரு கல்லின் மேலும் வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதியிருக்கும். எண் இல்லாத கல் வேண்டாத கல். ரம்பத்துக்குப் புதுத் தட்டு மாட்டும்போது முதலில் அப்படிப்பட்ட ஒரு கல்லை வெட்டிப் பார்ப்போம். தட்டு நேராக ஓடுகிறதா, பல் கடிக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். அதற்காக ஆற்றங்கரைக் கற்கள் சில எப்போதும் ஜன்னல் பலகையில் கிடக்கும். இந்தச் சட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் தவ்கேதான்.

எழுபதுகளின் நடுவில் ஒருநாள் கோலாலம்பூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஒரு மலாய் அம்மா வந்தார். விரிவுரையாளர். நாங்கள் எல்லாரும் அவரைப் புவான் என்று மரியாதையாகக் கூப்பிட்டோம். பேராவில் ஜனங்கள் கும்பிடுகிற பழைய கற்கள் எங்கிருந்து வந்தவை என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். பல்கலைக்கழகம் எழுதும், ஓர் அருங்காட்சியகம் படம் பிடித்துப் பதிவு செய்யும், எங்கள் கூடம் கல்லைச் சோதிக்கும். மூன்று இடமும் சேர்ந்து செய்கிற வேலை. குகைக் கோயில்கள், ஆற்றோரக் கோயில்கள், தோட்டத்துக் கோயில்கள் என்று பெரிய பட்டியல் போட்டு வைத்திருந்தார். பட்டியலைப் புரட்டினால் நடுவில் எங்கள் தோட்டம் இருக்கிறது.

பத்து காஜாவுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த ரப்பர் தோட்டத்தில்தான் நான் பிறந்தேன். என் அண்ணன் அங்கே காலையில் பால்மரம் வெட்டுவார், சாயங்காலம் அம்மன் கோயிலில் பூசை செய்வார். எங்கள் அம்மனுக்குச் சிலை கிடையாது, ஒரு கல்தான். ஊரிலிருந்து கப்பலில் வந்த முதல் சனங்களில் ஒரு பெண் அதைச் சேலையில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள் என்பது எங்கள் கதை. அதனால் கப்பல் ஆத்தா என்போம். அந்தக் கதை நிஜம்தானா, இல்லை கல் இங்கேயே எடுத்ததா என்று வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார் புவான். நியாயமான கேள்விதான். அதைத் தோட்டத்தில் போய்க் கேட்க என்னையும் கூப்பிட்டதில்தான் கோளாறு ஆரம்பித்தது.

அண்ணன் ஒத்துக்கொள்ளவே இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள். நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து பேசினேன். எங்கள் கதை புத்தகத்தில் ஏறும், நாளைக்குத் தோட்டத்தை விற்றாலும் ஆத்தா பேர் நிற்கும் என்றேன். உண்மையில், புவானுக்கு முன்னால் என் செல்வாக்கைக் காட்ட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

கடைசியில் அண்ணன் கோயில் முன்னால் ஆட்களைக் கூட்டினார்.

"குடுக்கலாம்," என்றார். "ஆனா ஆத்தா மேல கத்தி படக்கூடாது. பெயிண்டும் படக்கூடாது. எண்ணுகிண்ணு எழுதுறது, நூலு கட்டுறது, ஒண்ணும் ஆவாது. எடை போடு, படம் புடி, அடியில லேசா சொரண்டி எடுத்துக்க. ஆடிக்கு முன்னால முழுசா திரும்பி வரணும்."

நான் அதை மலாயில் புவானிடம் சொன்னேன். சுரண்டிய தூளை வைத்து முடிந்தவரை பார்க்கிறேன் என்று அவர் தலையாட்டினார்.

"அந்தம்மா தலையாட்டுறது இருக்கட்டும்," என்றார் அண்ணன். "நீ சத்தியம் பண்ணு."

சூடத்தை ஏற்றி வைத்தார்கள். "ஆத்தா போன மாதிரியே திரும்பி வருவா. வரலன்னா என் கை வெளங்காம போகட்டும்," என்று சொல்லி உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தேன். கை சுட்டது. புவான் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட முடியாது. அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் பூசை செய்து ஆத்தாளைக் கல்லிலிருந்து கரகத்துக்கு இறக்க வேண்டும். தண்ணீர் நிறைந்த அந்தச் செம்பில்தான் கல் திரும்பும்வரை அவள் குடியிருப்பாள். பிறகு கல்லைப் பெயர்த்தெடுத்துச் சேலையையும் வெள்ளிக் கண்மலரையும் கழற்றி, காலங்காலமாக ஏறியிருக்கும் எண்ணெய், மஞ்சள், குங்குமம் எல்லாம் போகச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். சாமி வெளியூருக்குச் சாமியாகப் போகக் கூடாது, வெறும் கல்லாகத்தான் போக வேண்டும் என்பது கணக்கு.

அந்தச் சடங்குக்கு நான் போயிருக்க வேண்டியவன். ஆனால் அந்த வாரம்தான் என் மாமனார் தெலுக் இந்தானில் இறந்துபோனார். சாவு வீட்டுத் தீட்டோடு கோயில் பக்கம் போக முடியாது. ஆக, கல்லைக் கழுவியபோது நான் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து அந்த ஆத்தாளைக் கும்பிட்டவன்தான் நான். ஆனால் சேலைக்கு மேலே தெரிகிற மஞ்சள் முகத்தையும் இரண்டு வெள்ளிக் கண்களையும் தவிர வேறெதையும் கண்டதில்லை. அவள் என்ன நிறம் என்று கேட்டிருந்தால் மஞ்சள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய காலை இன்னும் நினைவிருக்கிறது. தவ்கே வரவில்லை. மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருப்பதால் மதியம்தான் வருவார் என்றார்கள். வேலை குவிந்து கிடந்தது. புதுத் தட்டு ஒன்று உறை பிரிக்காமல் இருந்தது. எடுத்து மாட்டினேன். வெட்டிப் பார்க்க ஒரு கல் வேண்டும். ஜன்னல் பலகையில் ஒரு கல் தனியாக இருந்தது. முழங்கை நீளம், பச்சை கலந்த கறுப்பு, வழவழப்பு. புரட்டிப் பார்த்தேன், எண் இல்லை. பக்கத்தில் ஓர் ஆரஞ்சு இருந்தது. தவ்கே எனக்காக வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன்.

ஆரஞ்சை உரித்துத் தின்றுகொண்டே கல்லைப் பிடிமானத்தில் முறுக்கினேன். தண்ணீரைத் திறந்துவிட்டு ரம்பத்தை ஓடவிட்டேன். புதுத் தட்டு வெண்ணெயில் போவதுபோல் போயிற்று. எவ்வளவு நல்ல தட்டு என்று சந்தோஷப்பட்டேன். இதை எழுதும்போதுகூட அந்தச் சந்தோஷம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது, அதுதான் என்னால் தாங்க முடியாதது. கல் சரிபாதியாக விழுந்தது. இரண்டு பாதியையும் துடைத்து ஓரமாக வைத்துவிட்டு எண் போட்ட கற்களை வெட்ட ஆரம்பித்தேன்.

மதியம் தவ்கே வந்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"தம்பி, இங்கே இருந்த கல் எங்கே?"

நான் மோவாயால் ஓரத்தைக் காட்டினேன். அவர் அந்தப் பாதிகளைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஆரஞ்சு?"

"தின்னுட்டேன். நல்ல இனிப்பு."

"அது உனக்கு வைத்தது இல்லை," என்றார். "அது உங்கள் தோட்டத்துச் சாமிக்கு வைத்தது."

எனக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. அவர் கதவுக்குப் பின்னால் காய வைத்திருந்த மரப்பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். மேலே ஒட்டிய தாளில் எங்கள் தோட்டத்தின் பெயர் இருந்தது. கீழே, வெட்டக்கூடாது என்று பெரிய எழுத்தில் தட்டச்சு செய்திருந்தது. அருங்காட்சியகத்தில் படம் பிடிக்கும் வேலை சீக்கிரம் முடிந்ததால் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே அனுப்பிவிட்டார்களாம். மழையில் பெட்டி நனைந்திருந்ததால் கல்லை வெளியே எடுத்துத் துடைத்து, உயரமான இடத்தில் வைத்து, சாமியாயிற்றே என்று ஒரு பழமும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் தவ்கே. அந்நிய சாமிக்கு அவர் பழம் வைத்தார். சொந்தச் சாமியின் பழத்தைத் தின்றுவிட்டுச் சாமியை ரம்பத்தில் கொடுத்தவன் நான்.

இருந்தாலும் நம்ப மாட்டேன் என்று பாதிகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அடிப்பக்கம் ஒரு விரிசல். அதற்குள் சீயக்காய்க்குத் தப்பிய மஞ்சள், நகக்கண் அளவு. அதைப் பார்த்ததும் எனக்குக் காது அடைத்துப்போயிற்று. தவ்கே ஏதோ பேசுகிறார், வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. வெளியே ஓடிச் சாக்கடையோரம் வாந்தி எடுத்தேன். வந்ததெல்லாம் ஆரஞ்சு.

பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். கல்லில் பெயிண்ட் படக்கூடாது என்று அண்ணன் சொன்னபோது பலமாகத் தலையாட்டியவன் நான். அந்த எண் இருந்திருந்தால் கல் தப்பித்திருக்கும். சீயக்காய் போட்டுக் கழுவாமல் அனுப்பியிருந்தால் தப்பித்திருக்கும். தீட்டைப் பார்க்காமல் நான் கோயிலுக்குப் போயிருந்தால் தப்பித்திருக்கும். ஆத்தாளுக்கு மரியாதை என்று நாங்கள் செய்த ஒவ்வொன்றும் சேர்ந்து அவளை என் ரம்பத்தில் கொண்டுவந்து வைத்தது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான், போங்கள்.

மறுநாள் புவான் வந்தார். பாதிகளைப் பார்த்ததும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். எங்கள் கூடத்தில் ஒரு மூத்த அதிகாரி, வெட்டினது வெட்டியாயிற்று, ஒரு துண்டு எடுத்துத் தேய்த்துப் பார்த்தால் கேள்விக்காவது விடை கிடைக்குமே என்றார். அவர் சொன்னது யுக்தியான பேச்சு. கல் கப்பலில் வந்ததா இல்லையா என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்திருக்கும்.

"வேண்டாம்," என்றார் புவான். "அன்றைக்கு இவர் கை சுட்டதை நானும் பார்த்தேன். அந்தச் சத்தியத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது."

தானே தோட்டத்துக்கு வந்து மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார். முதலில் நான் போய்ப் பேசுகிறேன் என்று தடுத்துவிட்டேன். தவ்கே பாதிகளைப் பிசின் வைத்து ஒட்டி இறுக்கி இரண்டு நாள் வைத்தார். வேலை அவ்வளவு சுத்தம். தூரத்திலிருந்து பார்த்தால் இடுப்பில் ஒரு மெல்லிய கோடு, அவ்வளவுதான். மஞ்சள் பூசிச் சேலை கட்டினால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் தினம் அவளைக் குளிப்பாட்டுகிறவர் என் அண்ணன். அவர் விரலுக்குத் தெரியாமல் போகாது.

ஞாயிற்றுக்கிழமை கல்லைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கோயில் முன்னால் துணியைப் பிரித்தேன். அண்ணன் கட்டைவிரலால் அந்தக் கோட்டைச் சுற்றித் தடவினார். ஒரு சுற்று முழுக்கத் தடவினார். அவர் முகம் செத்துப்போன மாதிரி ஆகிவிட்டது. கூடியிருந்தவர்களில் யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பின்னாலிருந்து ஒரு பெண், "ஆத்தாளுக்கு வலிச்சிருக்குமா?" என்று கேட்டாள்.

"வலிச்சிருக்காது," என்றார் அண்ணன். "அவ கரகத்துலதானே இருக்கா." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "யாரு கை இது?"

எண் போடாத கதையைச் சொல்லலாம் என்றுதான் போயிருந்தேன். பஸ்ஸில் அதை நாலு தடவை ஒத்திகை பார்த்தும் வைத்திருந்தேன். ஆனால் அவர் கையைத்தான் கேட்டார். சூடம் சுட்ட புண் என் உள்ளங்கையில் இன்னும் ஆறவில்லை. கையை மடக்கிக்கொண்டேன்.

"கூட வேலை செய்யறாரே ஒரு சீனரு, அவருண்ணே. தெரியாம வெட்டிட்டாரு."

வார்த்தை வாயிலிருந்து வந்தபின்தான் எனக்கே கேட்டது. அந்த ஆள் கையால் ஒரு வாழைப்பழம் தின்னாத வாரம் எனக்குக் கிடையாது. அவர்மேலே கொண்டுபோய்ப் போட்டேன் பழியை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அன்றைக்கு இரண்டையும் பிரித்து வைத்தவன் நான்தான்.

அண்ணன் துணியை எடுத்துக் கல்லை மூடினார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"வெட்டுன கையே கட்டணும். ஆடி அன்னிக்கு அந்தக் கையாலயே மொதச் சொம்புப் பால ஊத்தட்டும். அப்பதான் ஆத்தா கரகத்த விட்டு எறங்கி இந்தக் கல்லுல ஏறுவா. வேற கை ஊத்துனா எறங்கமாட்டா. அந்தச் சீனர நீ கூட்டிட்டு வரணும் தம்பி."

"அவரு வருவாராண்ணே?"

"வரலன்னா நம்ம கோயிலு காலிதான். கரகத்துலயே எத்தினி நாளைக்கு வெச்சிருக்கிறது?"

திங்கட்கிழமை வேலைக்குப் போகவே கால் கூசியது. தவ்கேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் பொய்யையும் சொன்னேன். சொல்லாமல் அவரைக் கூப்பிட முடியாதே. அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். துடைக்கத் தண்ணீரே இல்லாத கையை வெகுநேரம் துடைத்தார்.

"உன் அண்ணனிடம் என் கை என்று சொல்லிவிட்டாயா?"

"ஆமா."

"பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தவன் நான்தான். எனக்கும் அதில் பங்கு இருக்கிறது." பிறகு, "போலே," என்றார். முடியும், வருகிறேன் என்று அர்த்தம். "இறைச்சி சாப்பிடாமல் வர வேண்டுமா?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் நான் அழுதிருக்க வேண்டும். அழவில்லை. அப்பாடா என்று இருந்தது. மனுஷன் இவ்வளவு கேவலமாகவும் மூச்சு விட முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஆடித் திருவிழாவுக்கு அவர் மூன்று நாள் இறைச்சி ஒதுக்கி, வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு பை ஆரஞ்சோடு வந்தார். அண்ணன் மணியடிக்க, தவ்கே கல்லின் மேல் முதல் சொம்புப் பாலை ஊற்றினார். முதுகு வலிக்கும் மனிதர், குனிந்து, ஒரு துளி வெளியே சிந்தாமல் ஊற்றினார். பிறகு கரகத் தண்ணீரை ஊற்றி, ஆத்தா இறங்கிவிட்டாள் என்றார் அண்ணன். பெண்கள் குலவை போட்டார்கள். அண்ணன் பரிவட்டத் துணியைத் தவ்கேயின் தலையில் கட்டி மரியாதை செய்தார். செய்த தப்பை ஒத்துக்கொண்டு வந்து நின்ற மனுஷன் என்று தோட்டமே அவரைக் கொண்டாடியது. நான் கடைசி வரிசையில் நின்றேன்.

ஒரு தடவையோடு போகும் என்று நினைத்தேன். அடுத்த ஆடிக்கும் அண்ணன் ஆள் அனுப்பினார். மொதச் சொம்பு இனி அவருடையது என்றார். தவ்கே அந்த வருஷமும் வந்தார். அதற்கடுத்த வருஷமும் வந்தார். பிள்ளைகள் அவருக்குப் பால் தவ்கே என்று பேர் வைத்தார்கள். என் மகளுக்கு அந்தக் கோயிலில்தான் மொட்டை போட்டோம். அவர்தான் முதல் பாலை ஊற்றினார். எத்தனை சனம் அங்கே வேண்டிக்கொண்டது, எத்தனை பேர் நேர்ந்துகொண்டார்கள். நான் மட்டும் கை கூப்பும்போது கண்ணைத் தாழ்த்திக்கொள்வேன். காலையில் எழுந்ததும் விரல்களை மடக்கி நீட்டிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. கை நன்றாகத்தான் இருந்தது. அது எனக்குப் பயத்தைத்தான் கூட்டியது.

வேலையிலும் தவ்கே அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பழம் கொண்டுவந்து வைப்பதையும் நிறுத்தவில்லை. நான்தான் கேட்டுவிட்டு எடுக்க ஆரம்பித்தேன்.

சில வருஷம் கழித்துப் புவான் புத்தகத்தை அனுப்பினார். மூன்று இடமும் சேர்ந்து போட்ட புத்தகம். எங்கள் தோட்டத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார். கழுவிய கல்லின் படம், கப்பல் கதை, கீழே ஒரே வரி: இந்தக் கல் சோதிக்கப்படவில்லை. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்தவர்கள் வரிசையில் என் பெயர் இருந்தது, கோயிலின் நம்பிக்கையைப் பெற்றுத் தந்தவர் என்று. அந்தப் பக்கத்தை அன்றைக்கே மூடினேன். திரும்பத் திறக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் தோட்டத்தை விற்றார்கள். வீடு கட்டப்போகிறார்கள் என்றார்கள். பாதிச் சனம் ஏற்கெனவே ஜெலாப்பாங் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டது. மிச்சம் பேருக்கும் நோட்டீஸ் வந்தது. கோயிலுக்கு மாற்று இடம் கேட்டார்கள், யாரும் சரியான பதில் சொல்லவில்லை. அந்த ஆடிதான் அந்த இடத்தில் கடைசி ஆடி என்று எல்லாருக்கும் தெரியும். எங்கெங்கோ போனவர்கள் எல்லாம் திரும்பி வந்திருந்தார்கள். அவ்வளவு கூட்டம் நான் பார்த்ததில்லை.

தவ்கே அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். ஒரு கையில் தடி, மறு கையில் ஆரஞ்சுப் பை. அண்ணனுக்கும் கண் மங்கிவிட்டது. மணியை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். பால் சொம்பைத் தவ்கே கையில் கொடுத்தார்கள். அவர் ஊற்றவில்லை. திரும்பினார். கூட்டத்தில் என்னைத் தேடினார். கடைசி வரிசையில் நான் நிற்பதைப் பார்த்து, தடியை ஊன்றிக்கொண்டு அங்கேயே நடந்து வந்தார். ஜனங்கள் வழி விட்டார்கள்.

"தம்பி, இந்த வருஷம் நீ ஊற்று," என்று மலாயில் சொல்லிச் சொம்பை நீட்டினார். "அடுத்த வருஷம் ஊற்ற இடமே இருக்காது."

பத்து வருஷத்துக்கு மேலாக அந்த மனிதர் வாய் திறந்ததில்லை. இனியும் திறக்கமாட்டார் என்று நம்பியே வாழ்ந்துவிட்டேன். சொம்பை வாங்கினேன். கொஞ்சம் பால் சிந்தியது. அவர் என் முழங்கையைப் பிடித்துக் கல்லுக்கு முன்னால் கொண்டுவந்து விட்டார்.

"என்னடா, நீ வந்து நிக்கிற?" என்றார் அண்ணன், மணியை நிறுத்தாமல்.

"வெட்டுனது நான்தாண்ணே. இவரு இல்ல. அன்னிக்கு நான் பொய் சொன்னேன்."

மணி நின்றது. பின்வரிசையில் கேட்காதவர்களுக்கு முன்வரிசைக்காரர்கள் சொல்ல, அந்தப் பேச்சு கோயில் முழுக்கப் போய் அடங்கியது. அண்ணன் தவ்கேயைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியுமா?" என்று மலாயில் கேட்டார்.

"தெரியும்," என்றார் தவ்கே. "சாமிக்கு வைத்த ஆரஞ்சைத் தின்றதும் இவன்தான்."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் என்னைத் திட்டுவார், அறைவார் என்று நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மஞ்சள் முகத்தையும் வெள்ளிக் கண்களையும் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். அந்தக் கல் முன்னால் தாலி கட்டிக்கொண்டவர்கள், பிள்ளைக்காக மடிப்பிச்சை எடுத்தவர்கள், நோயாளியைக் கொண்டுவந்து கிடத்தியவர்கள், எல்லாரும் அங்கே இருந்தார்கள். வேற கை ஊத்துனா எறங்கமாட்டா என்று அன்றைக்கு அவர்களிடம் சொன்னவர் அவர்தான்.

"அப்ப இத்தினி வருஷமா," என்றார் மெதுவாக, "இங்க நாங்க யாரைடா கும்பிட்டோம்?"

கையில் பால் இருந்தது. ஊற்றினேன்.